கட்டம் மாப்பிள்ளை

என் கணவர் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். மருந்துக் கடையில் நிற்கிறேன் என்று என் வேலையைச் சொன்னால் கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். இவர் வேலையைச் சொன்னால் "அப்படின்னா?" என்று அங்கேயே நின்றுவிடுவார்கள். என் அண்ணன்தான் இதற்கு ஒரு வழி செய்தான். எங்களுக்குக் கல்யாணமான புதிதில், இவர் ஒரு பெரிய தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, கட்டத்துக்குக் கட்டம் அம்பு போட்டுக்கொண்டிருந்ததை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, நொண்டி ஆடவா? நானும் வரட்டுமா?" என்றான். அன்றிலிருந்து இவர் எங்கள் குடும்பத்தில் கட்டம் மாப்பிள்ளை.

விஷயம் இதுதான். வீட்டுச் சாமான்களைப் பழுது பார்க்கும் ஒரு கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் இவருக்கு வேலை. துணி துவைக்கும் மெஷின், ஃபிரிட்ஜ், அடுப்பு என்று எது கெட்டாலும் ஆள் அனுப்புவார்கள். பல ஊர்களில் கிளைகள் உண்டு. புகார் வந்தால் முதலில் யார் பார்க்க வேண்டும், அடுத்து யார் கைக்குப் போக வேண்டும், யார் சம்மதித்தால் புதுப் பாகம் மாற்றலாம், எப்போது புகாரை முடிக்கலாம் என்கிற வரிசையை வரைந்து கம்ப்யூட்டருக்குள் வைப்பது இவர் பொறுப்பு. ஒரு கட்டம் என்றால் ஒரு ஆள் செய்கிற ஒரு வேலை. அது முடிந்தால்தான் அடுத்த கட்டத்து ஆளின் திரையில் புகார் வந்து நிற்கும்.

முன்பெல்லாம் எல்லாக் கிளைக்கும் ஒரே வரிசைதான். ஒரு சின்னக் கிளையில் சாமான் அறையே கிடையாது. ஆனால் சாமான் அறைக்காரர் சம்மதம் கொடுத்தால்தான் புகார் நகரும் என்று வரிசை சொன்னது. அதனால் வாசலில் நிற்கிற காவலாளி நாளெல்லாம் உள்ளே வந்து வந்து சாமான் அறைக்காரராக மாறி பொத்தானைத் தட்டிவிட்டுப் போவாராம். இந்தக் கூத்தையெல்லாம் ஒழிக்கத்தான் இவர் புது வரிசையைக் கட்டினார். எல்லாக் கட்டங்களும் உள்ள ஒரே பெரிய வரிசை. அதில் எது வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொரு கிளையும் தனக்குத் தோதாக மாற்றி வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று நிலைகள். "நடத்து" என்றால் வேலை வழக்கம்போல் நடக்கும். "அடை" என்றால் புகார் அங்கேயே நிற்கும், திறக்கும்வரை நகராது. "தாண்டு" என்றால் அந்த வேலை முடிந்துவிட்டதாக வைத்துக்கொண்டு புகார் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும்.

இதை அவர் எனக்கு விளக்கியது நான் அடுப்படியில் நின்றபோது.

"அப்போ நான் சமைக்கிறதைத் தாண்டிட்டா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் காலித் தட்டு முன்னாடி உட்கார்ந்திருப்போம். தட்டு மட்டும் கழுவி வெச்சிருக்கும்."

"அது தெரிஞ்சும் அப்படி ஒரு வசதி எதுக்கு வைக்கிறீங்க?"

"எல்லாக் கட்டத்துக்கும் வைக்க மாட்டேன். எதைத் தாண்டினா பெருசா ஒண்ணும் கெட்டுடாதோ, அதுக்கு மட்டும்தான்."

எதைத் தாண்டினால் ஒன்றும் கெட்டுப்போகாது என்று முடிவு பண்ணியது இவர்தான். அதை அப்போது நான் யோசிக்கவில்லை.

என் அண்ணன் ஒரு துணிக்கடையில் இருபது வருஷத்துக்கு மேலாகத் துணி காட்டிக்கொண்டிருந்தவன். வாயை வைத்துப் பிழைத்தவன் என்று அவனைத் தாராளமாகச் சொல்லலாம். கடையை மூடிவிட்டார்கள். அந்த வயதில் வேறு எங்கே போவான்? இவர்தான் தன் கம்பெனியின் கிளை ஒன்றில், நகரத்தின் அந்தக் கோடியில், ஒரு நாற்காலி வாங்கிக் கொடுத்தார். வேலை என்னவென்றால், பழுது பார்த்துவிட்டு ஆள் திரும்பிய பிறகு அந்த வீட்டுக்குப் போன் போட்டு, எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று விசாரிக்க வேண்டும். சரி என்றால் புகாரை முடிக்கலாம். சரியில்லை என்றால் திரும்பவும் ஆள் போக வேண்டும். அந்த வரிசையில் கடைசிக் கட்டம் அது. பெயரே விசாரிப்பு.

அவனுக்கென்றே தைத்த சட்டை மாதிரி அமைந்தது அந்த வேலை. ஒரு வீட்டு அம்மாள் "ஓடுதுங்க" என்றாளாம். "இழுத்துச் சொல்றீங்களே, எங்கேயாவது ஓடுதா?" என்று இவன் கேட்டிருக்கிறான். அவள் சிரித்துவிட்டு, மெஷின் சுற்ற ஆரம்பித்தால் நடந்தே கதவு வரைக்கும் போகிறது என்றாளாம். வந்து பார்த்த ஆளிடம் சொல்லக் கூச்சப்பட்டவள் இவனிடம் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தால் இப்படிக் கதை கதையாகச் சொல்வான். நடுநடுவே இவரை வாருவான். "மாப்ள, உங்க தலைமை அலுவலகத்துல தும்மணும்னா ரெண்டு பேர் கையெழுத்து வேணுமாமே? மூக்கு காத்துக்கிட்டு இருக்குமா?" என்பான். இவருக்குப் பதிலடி கொடுக்க வராது. முகம் சிவக்க உட்கார்ந்திருப்பார். என் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அந்தக் கிண்டல் ஒருநாள் நின்றுபோனது.

எந்த நாள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. கவனித்தபோது அது நின்று சில வாரம் ஆகியிருந்தது. அண்ணன் வருவான், இவர் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவான். இவர் பேச ஆரம்பித்தால் தன் பேச்சை நிறுத்திக்கொள்வான். "சொல்லுங்க மாப்ள, உங்களுக்குத் தெரியாததா?" என்பான். வரும்போதெல்லாம் என் மகளுக்கு ஏதாவது வாங்கி வருவான். அதுவும் விலை கூடின சாமானாக. "மாமா ஏன் இப்போ எதுவும் சொல்ல மாட்டேங்கறாங்க?" என்று அவள் கேட்டாள். "பெரியவங்க ஆனா அப்படித்தான்" என்றேன். ஐம்பது தாண்டியவனைப் பற்றி.

உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூரப் பெருமைதான். இவருக்கோ கால் தரையில் படவில்லை. ஏனென்றால் அதே சமயத்தில் அலுவலகத்திலும் இவருக்கு நல்ல காலம். புது வரிசை வந்த பிறகு புகார்களை வேகமாக முடிப்பதில் அண்ணன் வேலை பார்த்த கிளைதான் முதலிடம். கடைசியில் கிடந்த கிளை ஒரேயடியாகத் தாவி மேலே வந்துவிட்டது. பெரிய முதலாளி இவர் தோளில் கைவைத்துப் பேசினாராம். அந்தக் கிளை தன் வரிசையை எப்படி மாற்றி வைத்திருக்கிறதோ அதையே எல்லாக் கிளைக்கும் வைத்துவிடலாமா என்று ஒரு கூட்டம் போடப் போகிறார்களாம். இவர்தான் அதில் பேச வேண்டுமாம். "மச்சான் காதுக்கும் விஷயம் போயிருக்கும். அதான் மரியாதை" என்று கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டே சொன்னார். நானும் ஆமாம் போட்டேன்.

இதற்கிடையில் எங்கள் வீட்டு மெஷின் கெட்டுப்போனது. அந்தக் கிளையிலிருந்துதான் ஆள் வந்தான், எதையோ முடுக்கினான், போய்விட்டான். மறுநாள் துணியைப் போட்டால் மெஷின் பேய் பிடித்ததுபோல் குதிக்கிறது. சரியாகிவிட்டதா என்று யாராவது போன் செய்வார்கள், அப்போது நன்றாகக் கொடுக்கலாம் என்று காத்திருந்தேன். ஒருவரும் செய்யவில்லை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கேட்க வேண்டிய ஆள் என் கூடப் பிறந்தவன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டேன். "ஊருக்கெல்லாம் போன் போட்டு விசாரிக்கிற. தங்கச்சி வீட்டு மெஷின் மட்டும் உன் கண்ணுல படலையா? நான் கைலதான் துவைக்கணும்னு இருக்கியா?"

அவன் முகம் செத்துப்போனது. டீத் தம்ளரை மேஜையில் வைத்தான்.

"அது இப்போ என் கைல இல்லம்மா" என்றான்.

"ஏன் மச்சான், உங்க கைலதானே இருக்கு?" என்றார் இவர்.

அண்ணன் இவரைப் பார்த்த பார்வை எனக்கு அப்போது புரியவில்லை. கெஞ்சுவது போலவும் இருந்தது, நன்றி சொல்வது போலவும் இருந்தது. "விடுங்க மாப்ள. குழந்தை இருக்கா. நீங்க பண்ணினதே பெருசு" என்று சொல்லிவிட்டு, பாதி டீயை அப்படியே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

"என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"தெரியலையே" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். உண்மையிலேயே தெரியவில்லை.

மறுநாள் அலுவலகம் போனதும் அந்தக் கிளையின் வரிசையைத் திறந்து பார்த்திருக்கிறார். கடைசிக் கட்டம் தாண்டு என்ற நிலையில் இருந்தது. அப்படி வைத்தது யார் என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பார்த்த நொடியில் ஞாபகம் வந்துவிட்டது.

சில மாதம் முன்னால் அந்தக் கிளை இருக்கும் தெருவைத் தோண்டியபோது போன் கம்பி அறுந்துபோனது. விசாரிப்புப் போன்கள் கம்பெனி லைனில்தான் பேச வேண்டும் என்பது சட்டம். லைன் இல்லாததால் முடிந்த வேலைகள் எல்லாம் கடைசிக் கட்டத்தில் மலைபோல் குவிந்தன. கிளை மேலாளர் இவருக்கு ஆள்மேல் ஆள் விட்டார். இவர் செய்திருக்க வேண்டியது அடை. லைன் வரும்வரை புகார்கள் காத்திருந்திருக்கும், வந்ததும் அண்ணன் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு முடித்திருப்பான். ஆனால் மேலாளருக்குக் குவியல் கண்ணை உறுத்தியது. இவரும் வேறு ஏதோ அவசரத்தில் இருந்தார். லைன் வந்ததும் மேலாளரே மாற்றிக்கொள்வார் என்று நினைத்துத் தாண்டு என்று வைத்துவிட்டார். லைன் வந்தது. புகார்கள் வேகமாக முடிவதைப் பார்த்த மேலாளர், தலைமை அலுவலகம் செய்த ஏற்பாடு, நமக்கு நல்லதுதானே என்று வாயைத் திறக்கவில்லை. தாண்டப்பட்ட கட்டத்துக்கும், நடந்த கட்டத்துக்கும் ஒரே பச்சைப் புள்ளிதான் விழும்படி இவர் வைத்திருந்தார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோல் தெரிந்தது. விசாரிக்காமலே முடிப்பதால்தான் வேகம். அந்த வேகத்துக்குத்தான் பாராட்டு.

அவர் அன்று மதியமே பஸ் பிடித்து அந்தக் கிளைக்குப் போனார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றதோடு சரி, உள்ளே போகவில்லை. என்ன பார்த்தார் என்பதை அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

அண்ணன் தன் மூலையில் தேய்த்த சட்டையோடு உட்கார்ந்திருந்தான். காதில் மாட்டும் போன் தலையில் இருந்தது. எதிரே திரை காலி. போனில் பேசும்போது எரிகிற சிவப்பு விளக்கு எரியவில்லை. கணக்கர் பெண் ஒருத்தி அந்தப் பக்கமாக வந்தாள். உடனே அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஆமாங்க. ரொம்ப சந்தோஷங்க. ஏதாவதுன்னா கூப்பிடுங்க" என்று கையை ஆட்டிப் பேசினான். அவள் தாண்டிப் போனதும் வாயை மூடிக்கொண்டு மேஜையைத் துடைத்தான். இன்னொருவர் வந்தார். மறுபடியும் பேசினான், சிரித்தான், தலையாட்டினான். அந்தப் பக்கம் யாருமே இல்லை.

இவர் திரும்பி வந்துவிட்டார். சாயங்காலம் நான் கையால் துவைத்துக் காயவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது ஒரே தலையணை உறையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என்னென்ன சொல்லித் திட்டினேன் என்று எழுத முடியாது.

"அவன் வேலையைத் தாண்டலாம்னு யார் சொன்னது? சாமான் அறையைத் தாண்ட விட்டீங்களா? பணம் வாங்கற கட்டத்தைத் தாண்ட விட்டீங்களா?"

"இல்ல."

"இதை மட்டும் ஏன் விட்டீங்க?"

தலையணை உறையைப் பிரித்து மறுபடியும் மடித்தார். பிறகு, "அது ஒரு மரியாதைக்குக் கேக்கறதுதானேன்னு நெனச்சேன். வேலைன்னு நெனக்கல" என்றார்.

இதைச் சொல்லிவிட்டு முகத்தைத் தலையணை உறையில் புதைத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அவமானப்பட்டு நான் பார்த்ததுண்டு. தன்னைப் பார்த்துத் தானே கூசிப்போனதை அன்றுதான் பார்த்தேன்.

சத்தமில்லாமல் நாளைக்கே நடத்து என்று மாற்றிவிட்டால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. யாருக்கு வந்தது என்பது வேண்டாம், இருவருக்குமே வந்தது. அண்ணனுக்கு மறுபடியும் வேலை வரும், அவன் பாட்டுக்குப் பேச ஆரம்பிப்பான், விஷயம் அதோடு போகும். ஆனால் அந்தக் கூட்டம் இருந்தது. அந்தக் கிளையின் வரிசையை எல்லாக் கிளைக்கும் வைத்துவிட்டால் விசாரிப்புக் கட்டமே கம்பெனியில் இருக்காது. எல்லா ஊரிலும் அண்ணனைப் போல் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பவர்களின் நாற்காலியை எடுத்துவிடுவார்கள். அண்ணன் நாற்காலிதான் முதலில் போகும். அதைத் தடுக்க வேண்டுமென்றால் எப்படி அந்தக் கிளை முதலிடம் வந்தது என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். தோளில் கைவைத்தவர் முன்னாலேயே சொல்ல வேண்டும்.

"கூட்டத்துல சொல்றது இருக்கட்டும். முதல்ல என் அண்ணன்கிட்ட சொல்லுங்க" என்றேன்.

மறுநாள் போனோம். அண்ணன் வீடு மாடியில் இரண்டே அறை. நாங்கள் போனபோது அவன் வேலைக்குப் போட வேண்டிய சட்டைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். இவரைக் கண்டதும் தேய்ப்பதை விட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டான். அண்ணி டீ போட உள்ளே போனாள். அவள் திரும்பி வந்து தட்டோடு நிற்கும்போதுதான் இவர் பேச ஆரம்பித்தார். சமயம் பார்த்துப் பேசத் தெரிந்தவராக இருந்தால் அவளை எங்காவது அனுப்பியிருப்பார், அல்லது அண்ணனைத் தனியே வெளியே கூட்டிப் போயிருப்பார். மனதில் தயார் பண்ணி வந்ததைக் கொட்டிவிட வேண்டும் என்ற ஒரே பதற்றம். எல்லாவற்றையும் அண்ணி முன்னாலேயே சொல்லிவிட்டார். கம்பி அறுந்தது, தாண்டு என்று வைத்தது, மறந்தது, அண்ணன் திரை இத்தனை மாதம் காலியாக இருந்தது. நான் காலால் இடித்தேன். அவர் கவனிக்கவில்லை.

முதலில் பேசியது அண்ணிதான். அவள் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டாள்.

"அப்போ தினம் வந்து, நாளெல்லாம் பேசித் தொண்டை கட்டிடுச்சுன்னு வெந்நீர் வாங்கிக் குடிச்சீங்களே?"

அண்ணன் சட்டைக் காலரைக் கையால் நீவிக்கொண்டே இருந்தான். காதெல்லாம் சிவந்துவிட்டது. அண்ணிக்கு அப்போதுதான் தான் கேட்டது உறைத்தது. தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"ஒரு ஆள் என்னை ரொம்பக் கேவலமா பேசிட்டான் மாப்ள" என்றான் அண்ணன், சட்டையைப் பார்த்தபடியே. "போன்ல. லைன் போறதுக்கு முந்தின நாள். நானும் பதிலுக்கு ஒரு வார்த்தை விட்டுட்டேன். லைன் வந்ததுக்கப்புறம் வேலை வரல. அதுக்குத்தான் ஒதுக்கி வெச்சுட்டாங்கன்னு நெனச்சேன். நியாயமா வெளிய அனுப்பியிருக்கணும். நீங்கதான் சொல்லி உட்கார வெச்சிருக்கீங்கன்னு…"

"நான் எதுவும் சொல்லல மச்சான். யாருக்கும் அந்த விஷயமே தெரியாது. யாரும் உங்களை ஒதுக்கல."

ஆறுதல் சொல்கிறோம் என்றுதான் இவர் நினைத்தார்.

"ஒதுக்கல" என்று அண்ணன் திரும்பச் சொன்னான். "அப்போ யாருமே பாக்கல."

"மச்சான்…"

"தண்டனைன்னா கூட, இவனை என்ன பண்ணலாம்னு யாராவது ஒருத்தர் உட்கார்ந்து யோசிச்சிருப்பாங்கன்னு நெனச்சேன் மாப்ள. அதுல ஒரு சமாதானம் இருந்துச்சு."

டீ ஆறிப்போனது. நாங்கள் படியிறங்கும்போது மேலே இருந்து தேய்க்கும் பெட்டியின் சத்தம் கேட்டது. நாளைக்குப் போட வேண்டிய சட்டை மிச்சம் இருந்திருக்கும்.

கூட்டத்தில் இவர் சொல்லிவிட்டார். பூசி மெழுகவில்லை. அந்தக் கிளையின் வேகம் தன் மறதியால் வந்தது, யாரையும் கேட்காமலே புகார்களை முடித்திருக்கிறோம், அந்தப் பச்சைப் புள்ளியை நம்பாதீர்கள் என்றாராம். பெரிய முதலாளி தன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். "இதை இப்பவா சொல்றது?" என்று மட்டும் கேட்டார். அடுத்த வாரமே புது வரிசையின் மீதி வேலையை இவருக்குக் கீழே இருந்தவரிடம் கொடுத்துவிட்டார்கள். அது கைமாறுவதற்குள் மிச்சம் இருந்த நாட்களில் இவர் இரண்டு மாற்றங்களைச் செய்து முடித்தார். தாண்டிய கட்டத்துக்குப் பச்சைப் புள்ளி விழாது. கறுப்புப் புள்ளி விழும், பக்கத்தில் அந்தக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஆளின் பெயர் வரும். இரண்டாவது, விசாரிப்புக் கட்டத்துக்குத் தாண்டு என்கிற வசதியே கிடையாது. நடத்தலாம், அடைக்கலாம், அவ்வளவுதான்.

விசாரிக்காமல் முடித்த புகார்கள் எல்லாவற்றையும் திறந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்ய வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அண்ணன் திரையில் வேலை வெள்ளமாக வந்து விழுந்தது. எத்தனையோ வீடுகளில் மெஷின் சரியாகவே இல்லையாம். கிளை பழையபடி கடைசி இடத்துக்குப் போய்விட்டது. இப்போது அண்ணனுக்கு நிஜமாகவே தொண்டை கட்டுகிறது என்று அண்ணி போனில் சொன்னாள். வெந்நீர் மட்டும் கேட்பதில்லையாம். அவளும் கொடுப்பதில்லையாம், தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றுபோனது. இவர் இரண்டு முறை போய்ப் பார்த்தார். வாங்க என்றான், உட்காருங்க என்றான், அதோடு சரி.

எங்கள் வீட்டுப் புகாரும் அந்தக் குவியலில் ஒன்று. நான்தான் முன்பே சொல்லியிருந்தேனே, போன் வராமலே வேறு ஆள் வந்து உள்ளே தளர்ந்துபோயிருந்த ஸ்பிரிங்கை மாற்றிவிட்டுப் போனான். அந்தச் சனிக்கிழமை காலை நான் துணியைப் போட்டுவிட்டு நிற்கிறேன், மெஷின் பூனைக்குட்டி மாதிரி முனகிக்கொண்டு சுற்றுகிறது. இவர் போன் அடித்தது. கம்பெனி நம்பர். எடுத்து நான் கேட்கும்படி சத்தமாக வைத்தார்.

"வணக்கம் சார். உங்க வீட்டு மெஷினைப் பழுது பார்த்துட்டுப் போனது சம்பந்தமா பேசறேன். ரெண்டு நிமிஷம் பேசலாங்களா?"

அண்ணன் குரல்தான். துணிக்கடையில் முன்பின் தெரியாதவர்களிடம் பேசுகிற குரல். அந்தக் குரலில் அவன் எங்களிடம் பேசி நான் கேட்டதில்லை.

"மச்சான், நான்தான்" என்றார் இவர்.

"தெரியுது சார். சத்தம் ஏதாவது வருதுங்களா?"

"இல்ல."

"ஆட்டம் இருக்குங்களா?"

"இல்ல."

"வேற ஏதாவது குறை?"

இவர் என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் என்ன செய்ய முடியும்?

"அப்போ புகாரை முடிச்சிடட்டுங்களா சார்?"

"முடிக்காதீங்க" என்றார் இவர். "இன்னும் சரியாகல."

குறை இன்னதென்று சொல்லாமல் சரியாகவில்லை என்று மட்டும் வீட்டுக்காரர் சொன்னால் ஆள் அனுப்ப முடியாது, முடிக்கவும் கூடாது, திரும்ப விசாரிக்க வேண்டும். வரிசை அப்படி. வரைந்தவருக்கும் தெரியும், அந்த நாற்காலியில் இருப்பவனுக்கும் தெரியும். "சரி சார். அடுத்த சனிக்கிழமை கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை கூப்பிட்டான். அதற்கடுத்த சனிக்கிழமையும் கூப்பிட்டான். ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள், அதே சார். ஒவ்வொரு முறையும் இவர் இன்னும் சரியாகவில்லை என்றார். பழைய புகார்களில் எங்களுடையது ஒன்றுதான் முடியாமல் கிடக்கிறதாம். மேலாளர் இவருக்கே போன் செய்து அதைத் தாண்டிவிட ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். அந்தக் கட்டத்தில் அப்படி ஒரு வசதி இப்போது இல்லையே என்றார் இவர்.

போன சனிக்கிழமை போன் வரும் நேரத்துக்குத் துணியே இல்லை. இவர் தோய்த்துக் காய்ந்த சட்டைகளையே எடுத்து மறுபடியும் மெஷினில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. போன் வந்தது. சத்தம், ஆட்டம், வேறு குறை, எல்லாம் கேட்டு முடித்தான் அண்ணன்.

"பின்னாடி மெஷின் ஓடற சத்தம் கேக்குதே சார்."

"ஆமா" என்றார் இவர்.

"நல்லா ஓடுதே."

"ஓடுது. ஆனா இன்னும் சரியாகல மச்சான்."

மெஷின் தண்ணீரை வெளியேற்றிவிட்டு வேகமாகச் சுற்ற ஆரம்பித்தது. அந்தப் பக்கமும் அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான், வைக்கவில்லை. சுற்றி முடித்து மெஷின் நின்ற பிறகுதான் பேசினான்.

"எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றான். "அடுத்த வாரம் கூப்பிடறேன்."

வைத்துவிட்டான். இந்த முறை சார் சொல்லவில்லை. மாப்ள என்றும் சொல்லவில்லை.